தோளில் இருக்கிற கை

இன்றைக்கு நான் ஜெயிப்பேன். காலையில் பல் தேய்க்கும்போதே அப்படித் தோன்றிவிட்டது, ஆட்டோவில் வரும்போதும் தோன்றியது, இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் இந்த நீள பெஞ்சில், தலைக்கு மேல் டக்டக்கென்று சுற்றுகிற மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதும் அப்படியேதான் தோன்றுகிறது, வழக்கு எண்ணைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. வக்கீல் வைக்கவில்லை. வக்கீல் எதற்கு, என் வாய் போதும், கூட்டுறவு வங்கியில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று கத்துகிறவர்களுக்கு இத்தனை வருஷமாகப் பதில் சொல்லிப் பழகிய வாய், செண்பகவல்லி மேடம் என்றால் மேனேஜரே கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவார். எனக்கு இடது பக்கம் ஒருவர் மிக்ஸியை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து மடியில் வைத்திருக்கிறார், வாங்கின நாளிலிருந்து ரிப்பேராம், அவ்வப்போது அதைத் தடவிக்கொடுக்கிறார், அவருடைய குறையைக் கையில் எடுத்துக் காட்டிவிடலாம், ஜாடி, மோட்டார், வயர், இதோ பாருங்கள் என்று மேஜைமேல் வைத்துவிடலாம். என் குறையை எந்தப் பையில் போட்டுக் கொண்டுவருவது. என் பெயர், வயது, உயரம், நிறம், நட்சத்திரம், பிறந்த நேரம், என் ஃபோட்டோ, எனக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லாத என் எதிர்பார்ப்புகள், எல்லாம் ஒரு கல்யாண ஆப்பில் இருக்கிறது. அந்த ஆப்பின் பெயரை மனசுக்குள்கூடச் சொல்ல மாட்டேன், அதுவும் அவனுக்கு ஒரு விளம்பரம். அழி என்கிறேன். அழித்துவிட்டோம் என்று மெயில் வருகிறது. கொஞ்ச நாளில் மறுபடியும் முளைத்து நிற்கிறது. மறுபடி அழி என்கிறேன், மறுபடி அழித்துவிட்டோம், மறுபடி முளைக்கிறது, குளியலறை மூலையில் வருகிற பாசி மாதிரி. எனக்கு நஷ்டஈடு ஒன்றும் வேண்டாம். என்னை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும், ஒரேயடியாக, அவ்வளவுதான். வலது பக்கம் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். வரச் சொல்லவில்லை. போய்விட்டு வருகிறேன் என்று சொல்லத் திரும்பினால் அவள் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள், ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் டிபன் பாக்ஸ். இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவளே அவள்தான்.

ஆரம்பித்தது ஒரு மத்தியானம், வங்கியில் ஆடிட், மேஜை நிறைய ஃபைல், அம்மாவிடமிருந்து போன். "ஏட்டி செண்பா, ஒனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லு." எதற்கு என்று நான் கேட்கவில்லை. யார்தான் கேட்கிறார்கள், எல்லா வீட்டிலும் ஒரு ஆள் பேரில் போன் நம்பர் இருக்கும், கேஸ், கரண்ட், ரேஷன், மருந்து எல்லாவற்றுக்கும் அந்த நம்பர்தான், வீட்டில் இருக்கிறவர்கள் கூப்பிட்டுக் கேட்டால் ஓடிபியை வாசித்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியது. அப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். வாசித்தேன், வைத்தேன். இத்தனைக்கும் என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது, ஒட்டியவளே நான்தான். அந்த எண்ணைத்தான் என் சம்மதம் என்கிறான் கம்பெனிக்காரன், முறையீட்டாளர் தம் சொந்தக் கைபேசிக்கு வந்த எண்ணைத் தந்து சம்மதித்துள்ளார் என்று பதில் மனுவில் போட்டிருக்கிறான். எதற்கு என்று தெரியணும், வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கணும், அதற்கப்புறம் சரி என்றால்தானே சம்மதம், தூக்கத்தில் இருக்கிறவன் கட்டைவிரலைப் பிடித்துக் கைநாட்டு வாங்கினால் அதுவும் சம்மதமா என்று கேட்கப்போகிறேன், நேற்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அப்புறம் அந்த ஃபோட்டோ. எனக்குப் பதவி உயர்வு வந்த அன்றைக்கு மொட்டைமாடியில், காயப்போட்ட துணிகளுக்கு முன்னால், என்னையும் அப்பாவையும் அம்மா தன் போனில் எடுத்தது. அப்பா மின்வாரியத்தில் கம்பம் ஏறியே ரிட்டயர் ஆனவர், கேமராவைப் பார்த்தால் முகம் இறுகிவிடும், கல்யாண ஃபோட்டோவில்கூட யாரையோ கண்டிக்கிற மாதிரிதான் இருப்பார். அன்றைக்கு மட்டும் சிரித்தார். அம்மா போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தன் மூக்கையே எடுத்துக்கொண்டிருந்தாள், அதைப் பார்த்துச் சிரித்தார், பல் எல்லாம் தெரிய, என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு. அதே வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். வருஷம் திரும்பியதும் அம்மா என்னை ஆப்பில் ஏற்றினாள், அந்தப் படத்தை வைத்துத்தான். அதற்கப்புறம் ஒருநாள் அவள் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது, ரிப்பேர் கடைக்காரர் உள்ளே எல்லாம் போச்சும்மா என்று கையை விரித்துவிட்டார், அப்பா சிரித்த படமும் அதோடு போயிற்று. வீட்டுக் கூடத்தில் மாலை போட்டிருக்கிற படம் அவருடைய ஆபீஸ் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது, அதில் இருக்கிறவரை எனக்குத் தெரியாது, யாரோ ஒரு கோபக்காரர். ஆப்பில் இருக்கிற படத்திலும் அப்பா இல்லை. பெண் தனியாக இருக்க வேண்டுமாம், கம்பெனியிலேயே அவரை வெட்டிவிட்டார்கள், ஆனால் கையை வெட்ட முடியவில்லை, வெட்டினால் என் தோளும் சேர்ந்து போய்விடும். அதனால் என் இடது தோளில் நாலு விரல் இருக்கிறது, ஒன்றில் பவழ மோதிரம்.

பிறகு போன் வர ஆரம்பித்தது. வங்கியில் இருக்கும்போது வரும், சோற்றில் கை வைத்திருக்கும்போது வரும். நான் மூல நட்சத்திரம். மூலத்துப் பெண் வீட்டுக்கு வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதனால் தேடித் தேடிக் கூப்பிட்டவர்கள் உண்டு. ஒரு அம்மா அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள், "எங்க வீட்ல அவரு தவறி நாலு வருசமாச்சுமா, அதனால எங்களுக்கு மூலம்லாம் ஒரு பிரச்சினையே இல்ல." ஒருவர் செத்துப்போனதை இவ்வளவு வசதியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு ஜோசியர் கூப்பிட்டு எனக்குச் சனி சரியில்லை, வண்டியில் போகும்போது கவனம் என்றார், அவரிடம் என் ஜாதகம் எப்படிப் போனது என்றால் ஏதோ ஒரு வாட்ஸப் குரூப்பில் வந்ததாம், யார் போட்டது என்று தெரியாதாம், ஆனால் பரிகாரம் தெரியுமாம். எங்கள் வங்கியில் ஆளை அடையாளம் கண்டுபிடிக்கப் பிறந்த தேதியைக் கேட்போம், அதையே ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், இங்கே முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் நான் பிறந்த நாழிகை தெரியும், என் அம்மாவுக்கு வலி எடுத்த நேரம் தெரியும். சரி, அதைக்கூட விடலாம். எல்லாரும் ஒரு கேள்வி கேட்டார்கள். தோள்ல கை வச்சிருக்கது யாருங்க? சிலர் சிரித்துக்கொண்டு, சிலர் போலீஸ்காரன் மாதிரி, ஒருவன் கேட்டுவிட்டுத் தானே, இல்ல பழசெல்லாம் நான் கேக்க மாட்டேன், எனக்கு ஓபன் மைண்டு என்றான். நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. அந்தக் கேள்வி வந்தால் போனை வைத்துவிடுவேன். எவனுக்குச் சொல்லணும், எதற்குச் சொல்லணும். அப்புறம் ஒருத்தன் நேரிலேயே வந்தான். வங்கியில் டோக்கன் எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் என் முன்னால் வந்து நின்று, "ஃபோட்டோல நீலச் சேல கட்டியிருந்தீங்க" என்றான். நீங்கதான விருப்பம் தெரிவிச்சீங்க என்று போனை நீட்டினான், நான் தெரிவித்ததாகத்தான் அதில் இருந்தது, ஆப் தானாகவே என் சார்பில் பல பேருக்கு விருப்பம் தெரிவித்துக்கொண்டிருந்திருக்கிறது. இல்லை என்று சொன்னதும் தலையாட்டிவிட்டுப் போனான். மறுநாள் முருகன்குறிச்சி சிக்னலில் என் ஸ்கூட்டிக்குப் பின்னால் நின்றான். அதற்கு அடுத்த வாரமும். ஒன்றும் பேசவில்லை, ஒன்றும் செய்யவில்லை, அதனால்தான் ஸ்டேஷனில் ஒன்றும் செய்யலியேம்மா என்றார்கள். இப்போது வேறு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன். நான் பயந்தவள் இல்லை. ஆனால் வண்டியின் கண்ணாடியில் முன்னைவிட அதிகமாகப் பார்க்கிறேன், அதற்குத்தான் எனக்குக் கோபம், என் கண்ணைத் திருப்பிவிட்டான்களே என்று.

கோபம் வந்ததும் படித்தேன். தரவுப் பாதுகாப்புக்கென்று புதுசாக ஒரு சட்டம் வந்திருக்கிறது, நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கலாம், அழி என்று சொல்லலாம், சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது கட்டம் கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருமாம், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி மெதுவாக ஊர்ந்து வருகிறது. அதுவரைக்கும் நான் காத்திருக்க முடியுமா, சிக்னலில் நிற்கிறவன் காத்திருப்பானா. நுகர்வோர் சட்டம் இருக்கிறதே. நம்பிக் கொடுத்த சொந்தத் தகவலை இன்னொருத்தருக்குத் தூக்கிக் கொடுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதில் தெளிவாக இருக்கிறது, வாசித்தபோது மேஜையைத் தட்ட வேண்டும் போல இருந்தது. அதற்கும் கம்பெனிக்காரன் ஒரு பதில் வைத்திருக்கிறான். சந்தா கட்டியது தாயார், ஆகவே மகள் நுகர்வோரே அல்ல. எப்படி இருக்கிறது. ஃபோட்டோ என்னுடையது, ஜாதகம் என்னுடையது, கூப்பிடுகிறவனெல்லாம் என்னைக் கூப்பிடுகிறான், ஆனால் நான் யாரோவாம். பணம் கட்டியவர் மட்டும் இல்லை, அந்தச் சேவையின் பயனாளியும் நுகர்வோர்தான் என்று சட்டம் சொல்கிறது, சரி, அதைச் சொல்லிவிடலாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் எழுந்து நின்று, ஐயா, எனக்கு மாப்பிள்ளை தேடிய சேவையின் பயனாளி நான் என்று என் வாயால் சொல்ல வேண்டும். நினைத்தாலே நாக்கு மடங்குகிறது. எங்கள் வங்கியின் வக்கீல் சுளுவாக ஒரு வழி சொன்னார், உங்க அம்மாவையும் ஒரு முறையீட்டாளரா சேத்துருங்க மேடம், பணம் கட்டினது அவங்கதானே, பிரச்சினை முடிஞ்சுது. முடியாது என்றுவிட்டேன். எதிராளியின் கூட்டாளியை என் பக்கத்தில் நிறுத்த மாட்டேன். ஒவ்வொரு தடவை அழித்து முடித்ததும் எனக்கும் அவளுக்கும் சண்டை நடக்கும், ஒருவேளை நீதான் மறுபடியும் ஏத்துறியா என்று கேட்பேன், எனக்கென்ன தெரியும் அதெல்லாம் என்பாள், முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு. நம்பினேன். போனில் டார்ச் அணைக்கத் தெரியாதவள், அவளா செய்யப்போகிறாள். கம்பெனிக்காரன்தான் செய்கிறான், ஆள் கணக்குக் காட்ட வேண்டும் அவனுக்கு. நான் அந்த ஆப்பைத் திறந்துகூடப் பார்த்ததில்லை, சாக்கடை இருக்கிறது என்று தெரிவதற்கு மூடியைத் திறக்க வேண்டுமா என்ன, யாரோ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் போதும், அதைத்தான் பிரிண்ட் எடுத்துச் சான்றாவணமாக வைத்திருக்கிறேன், என் முகமும் அந்த நாலு விரலும்.

"தண்ணி குடிக்கியாட்டி" என்று அம்மா பாட்டிலை நீட்டுகிறாள். வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். வாங்கிக் குடித்திருக்கலாம், தாகம்தான். அவள் மூடியைத் திறக்காமலே பாட்டிலை மறுபடி மடியில் வைத்துக்கொள்கிறாள். இங்கே வந்ததிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், "இவங்க அழின்னு சொல்லிட்டா நெசமாவே அழிஞ்சிருமா?" ஆமாம் என்றேன், அதற்குத்தானே வந்திருக்கிறோம். சரி என்றாள். டிபன் பாக்ஸில் என்ன இருக்கும், புளிச்சோறாகத்தான் இருக்கும், வெளியே கிளம்பினால் அவளுக்குப் புளிச்சோறுதான், காலையில் அவ்வளவு நேரம் அடுப்பில் நின்றிருக்கிறாள், எங்கள் வீட்டில் கேஸ் என்னவோ தண்ணீராகச் செலவாகிறது, இருக்கிறது ரெண்டே பேர், ஆனால் எப்போது பார்த்தாலும் கேஸ்காரன் நிக்கான், நம்பர் சொல்லு என்று போன், நானும் ஒவ்வொரு தடவையும் வாசித்துவிட்டு, ஒருநாள் அடுப்பைச் சரிபார்க்கச் சொல்லணும், எங்கேயோ கசிகிறது என்று நினைத்துக்கொள்வேன், மறந்துவிடுவேன். அப்பா இருந்தால் சோப்பு நுரை வைத்துப் பார்த்திருப்பார். கரண்ட், கேஸ், தண்ணீர், எது எங்கே கசிந்தாலும் அந்த விரல்கள் போய் நிற்கும். ஒரு விரலில் நகம் இருக்காது, ஏதோ ஒரு மழைக்காலத்தில் கம்பத்தில் அடிபட்டது. ஃபோட்டோவில் அது தெரியவில்லை, அந்த விரல் மற்றதுக்குப் பின்னால் போய்விட்டது. என் தோளைப் பிடித்திருக்கிற மாதிரியும் இருக்கும், சும்மா வைத்திருக்கிற மாதிரியும் இருக்கும். அழித்துவிட்டால் அந்தக் கையும்தான் போகும். போகட்டும். பிரிண்ட் இருக்கிறது. என்ன பிரிண்ட், கறுப்பு வெள்ளையில் பவழமும் கறுப்புதான். சரி, போகட்டும். ஊரெல்லாம் அதைப் பார்த்து யார் கை யார் கை என்று கேட்பதற்கு இல்லாமலே போவது மேல், இதை எத்தனையோ தடவை யோசித்து முடிவெடுத்துவிட்டேன், மறுபடியும் மறுபடியும் இங்கேயே வந்து ஏன் நிற்கிறேன். மிக்ஸிக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள், பையை அணைத்துக்கொண்டு ஓடுகிறார். அடுத்தது நான்தான்.

"மேடம், ரெண்டு நிமிஷம் பேசலாமா?" கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு ஒருவன் வந்து நிற்கிறான், பேர் ஜோயலாம், சென்னையிலிருந்து வந்திருக்கிறான், சட்டப் பிரிவு. முகம் நல்ல முகம்தான், கவுண்டரில் வந்து நின்றால் சீக்கிரம் வேலையை முடித்துக் கொடுத்து அனுப்பலாம் என்று தோன்றுகிற முகம். எதிராளிக்கு இப்படி ஒரு முகம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. "எதுக்கு மேடம் இழுத்துக்கிட்டு? உங்களுக்கு என்ன, அழிக்கணும், அவ்ளோதானே. இப்பவே, உங்க கண்ணு முன்னாடியே பர்மனென்ட்டா டெலீட் பண்ணிடறேன். நீங்க உள்ள வந்து வாபஸ்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

"நீங்க டெலீட் பண்ற லட்சணம்தான் எனக்குத் தெரியுமே" என்றேன்.

"நாங்க ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டோம் மேடம், சத்தியமா. உங்க சைடுலேர்ந்துதான் திரும்பத் திறந்திருக்காங்க, திறந்தா ப்ரொஃபைலும் தானா வெளிய வந்துடும். உங்க நம்பருக்குத்தான் ஓடிபி போயிருக்கு, சரியா அடிச்சுத்தான் உள்ள வந்திருக்காங்க. நீங்களே பாருங்க." டேப்லெட்டைத் திருப்பினான். பொய் சொல்கிறான் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். திரையில் ஒரு பக்கம் தேதிகள், எல்லாம் வேலை நாள், எல்லாம் மத்தியானம். இன்னொரு பக்கம் என் படம், அதே நீலச் சேலை, அதற்குக் கீழே அசல் படம் என்று சின்னதாக இன்னொன்று. அடியில் சிவப்புப் பொத்தான், நிரந்தரமாக நீக்கு. அவன் கட்டைவிரல் அதற்கு மேலே காத்துக்கொண்டிருந்தது. எனக்கும் அவனுக்கும் நடுவில் அம்மாவின் கை நுழைந்தது, தயங்காமல், பழகின கை, அந்தச் சின்னப் படத்தைத் தொட்டது. படம் திரை முழுக்க விரிந்தது.

அப்பா. துணிக்கொடி, அம்மாவின் பச்சைச் சேலை காற்றில் உப்பியிருக்கிறது, நான், என் பக்கத்தில் அப்பா, முழுசாக, கை முடிகிற இடத்தில் தோள், அதற்கு மேலே கழுத்து, அதற்கு மேலே அந்தச் சிரிப்பு. மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. அதை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு பல் இல்லாதது எனக்கு ஞாபகமே இல்லை. "சரி மேடம், பண்ணிடவா?" என்கிறான் ஜோயல்.

"கைய எடுங்க" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அதுலேர்ந்து கைய எடுங்க மொதல்ல." எடுத்துவிட்டான். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, சேலைத் தலைப்பால் டேப்லெட்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா. நீயா திருப்பித் திருப்பித் தொறந்த?"

"கேஸுக்குன்னு சொல்லித்தான் ஒங்கிட்ட நம்பர் வாங்குவேன்" என்றாள், துடைப்பதை நிறுத்தாமல். "மத்தியானம் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டிருப்பேன், நீ வாரதுக்குள்ள மூடி வச்சிருவேன். கல்யாணமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு நீ சொன்னதுக்கப்புறம் நான் அதுக்காவ ஒருநாளும் தொறக்கலட்டி. அதுலதான ஒங்கப்பா இருக்காவ. நீ அழிக்கச் சொன்னா அவியளும் சேந்துல்லா போயிருதாவ."

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்க வந்தேன், கேட்கவில்லை, எப்படிச் சொல்லுவாள், ஆப்பின் பேரை எடுத்தாலே நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறவள். அப்போது உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தேன், கால் நடக்கிறது, மனசு பின்னாலேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அடுப்பு கசியவில்லை. எங்கேயும் எதுவும் கசியவில்லை. நான்தான் வாசித்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும், என் வாயால், சுவரில் அந்தக் கொட்டை எழுத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. என்னைத் தெருவில் நிறுத்தியவள் நானே. கம்பெனிக்காரன் பொய் சொல்லவில்லை, அப்படியென்றால் என் வழக்கு என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, தோற்றுவிட்டேன், பேசாமல் வாபஸ் வாங்கிவிட்டுப் படத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு, இரு, கெஞ்சியா, நானா? இரு செண்பகவல்லி, நிதானமாக யோசி. அம்மா திறந்தாள், சரி. எதைத் திறந்தாள்? அழித்துவிட்டதாக மெயில் அனுப்பினார்களே, அதை. அழித்தது எப்படித் திரும்ப வரும். போனது திரும்ப வராது, எங்கள் வீட்டில் அது எல்லாருக்கும் தெரியும், இந்த அம்மாவுக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. திரும்பத் திரும்ப வந்தது என்றால் அவர்கள் ஒருநாளும் அழிக்கவில்லை, பூட்டித்தான் வைத்திருந்தார்கள், உள்ளே அப்பாவை வைத்து, சாவி வேண்டுமா, மகளின் படத்தை வாசலில் தொங்கவிடு என்று. அவளுக்கு ஒரு படம் பார்க்கணும், அதற்கு என் ஜாதகத்தைக் கூறு போட்டு விற்றிருக்கிறார்கள். அட, இதுதானே என் வழக்கு. இவ்வளவு நாளாகத் தூக்கத்தில் கைநாட்டு என்று என்னத்தையோ மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தேன், அசல் வழக்கு புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. எனக்கு அழுகை வருகிறது, வரட்டும், அழுதுகொண்டே ஜெயித்தால் சட்டத்தில் ஒன்றும் தடையில்லை.

மேடையில் ஆணையத் தலைவர், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். ஜோயல் முந்திக்கொண்டான், சுமுகமாப் போயிடலாம்னு மேடம் கிட்ட பேசிக்கிட்டிருக்கோம் சார், ப்ரொஃபைலை ஏற்கெனவே அழிச்சிட்டோம், திரும்பவும் அழிச்சுக் குடுத்துடறோம். ஏற்கெனவே அழித்தாயிற்று, திரும்பவும் அழிக்கிறார்களாம், அவன் வாயாலேயே வருகிறது, நான் அவசரப்படவில்லை. "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் தலைவர். "எங்க அம்மாவையும் ஒரு முறையீட்டாளரா சேக்க அனுமதி வேணும் சார்" என்றேன். "பணம் கட்டுனது அவங்கதான். இந்தச் சேவையோட பயனாளியும் அவங்கதான்." இதைச் சொல்லும்போது நாக்கு மடங்கவில்லை. தலைவருக்குப் புரியவில்லை, புரியாதுதான், கல்யாண ஆப்புக்கு ஒரு அறுபத்தைந்து வயசு அம்மா எப்படிப் பயனாளி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் கோப்பைப் புரட்டினார், அந்த பிரிண்ட் வரைக்கும் வந்தார், நின்றார், இரண்டு தடவை பார்த்தார். வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாரும் கேட்டதுதான், அவர் மட்டும் கேட்காமலிருப்பாரா. போனாக இருந்தால் வைத்திருப்பேன்.

"இந்தப் படத்துல உங்க தோள்ல ஒரு கை இருக்கேம்மா. இது யாருது?"

"எங்கப்பா கை சார்" என்றேன். "மிச்சம் இவங்ககிட்ட இருக்கு. அழிச்சிட்டோம்னு சொல்லிட்டு இவங்களே வச்சிருக்காங்க. அதை எங்கம்மா கையில குடுத்துட்டு, அதுக்கப்புறம் அழிக்கச் சொல்லுங்க."

தலைவர் பிரிண்டைக் கீழே வைத்துவிட்டு ஜோயலைப் பார்த்தார். "அழிச்சிட்டோம்னுதானே பதில் மனுவுல போட்டிருக்கீங்க. இவங்க அப்பா படம் உங்ககிட்ட இருக்கா, இல்லையா?"

ஜோயல் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். இல்லை என்றால் பின்னாலிருக்கிற அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், இருக்கிறது என்றால் முன்னாலிருக்கிற தலைவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பாவம், நல்ல முகம்தான் அவனுக்கு.

"இருக்கு சார்" என்றான்.

தலைவர் பேனாவைத் திறந்தார். "உங்க அம்மாவை முன்னால வரச் சொல்லுங்க. பேர் என்னம்மா?"

அம்மா அதற்குள் வந்துவிட்டாள், தண்ணீர் பாட்டிலோடு. தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, தலைவரைப் பார்க்காமல், ஜோயலின் கையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆவுடையம்மாள். இந்தா இருக்காவல்லா, குத்தாலிங்கம், அவிய சம்சாரம்."